பொட்டு வைத்த ஆர்.என்.ஏ.

ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து ஒரு கொலை செய்தவள் நான். செத்தது ஐந்து டியூப் ஆர்.என்.ஏ. அதைத் தயாரிக்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆராய்ச்சி மாணவியாக அது என் முதல் வருடம். பாக்டீரியாவுக்குள் ரைபோசோம் என்று ஒன்று உண்டு. அதுதான் அங்கே புரதம் செய்கிற பட்டறை. அந்தப் பட்டறையே ஆர்.என்.ஏ. என்ற நீளமான இழையும் சில டஜன் புரதங்களும் சேர்ந்து உருவானதுதான். எல்லாப் புரதமும் இஷ்டத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. எஸ்15 என்றொரு புரதம் முதலில் வந்து, இழையில் மூன்று கிளை சேரும் முக்கைப் பிடித்து மடித்துக் கொடுத்தால்தான் அடுத்த இரண்டு புரதங்களும் வந்து உட்காரும். (எங்கள் வீட்டுப் பந்தியில் பெரிய மாமா உட்காராமல் யாரும் இலையைத் தொடமாட்டார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது.) எஸ்15 அப்படிப் பிடிக்கிறது என்று நான் காட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் முதலாண்டுத் தேர்வுக்குழு. காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்கு. அப்பா அதற்குள் எங்கள் முத்தியால்பேட்டை முழுக்க என்னை டாக்டராக்கிவிட்டிருந்தார்.

அப்பா, வேலை பார்த்த மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவர். ஆயுத பூஜை என்றால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "பாப்பா, பொட்ட ஓரமா வச்சிட்டு ஓடியாராத. எது வேல செய்யுதோ அதுக்கு வைக்கணும். இல்லன்னா வச்சதே வேஸ்ட்டு."

மேடம், அதாவது என் வழிகாட்டி, "பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் நீயே பொட்டு வச்சுடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நானா விடுவேன்? ஃப்ரிட்ஜ், தராசு, பிப்பெட்டின் மூக்கு என்று வரிசையாக வைத்தேன். பிறகு யோசித்தேன். இந்த லேபில் உண்மையில் வேலை செய்வது யார்? ஆர்.என்.ஏ. அல்லவா! ஃப்ரீசரிலிருந்து ஐந்து டியூபையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, மூடியின் உட்புறம் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். அதுவும் கையுறையைக் கழற்றிவிட்டு. (கிளவுஸ் மாட்டிக்கொண்டா சாமி காரியம் செய்வார்கள்?)

மனிதத் தோலில் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும் நொதி இருக்கிறது. வேக வைத்தாலும் அது லேசில் சாகாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். அன்று பக்தியில் அது காற்றோடு போய்விட்டது.

திங்கட்கிழமை ஆர்.என்.ஏ.வையும் எஸ்15ஐயும் கலந்து, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டினேன். தனி ஆர்.என்.ஏ. வேகமாக ஓடிக் கீழே ஒரு கோடாக நிற்க வேண்டும். புரதம் பிடித்தது மெதுவாக நகர்ந்து மேலே நிற்க வேண்டும். எனக்குக் கீழேயும் கோடில்லை, மேலேயும் கோடில்லை. அடியில் ஏதோ துடைத்துவிட்ட மாதிரி ஒரு தீற்றல் மட்டும். புரதத்துக்குத்தான் திமிர் என்று முடிவு செய்தேன். புதுப் புரதம் தயாரித்தேன், உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். நான்கு நாள் போனது. கடைசியில் மேடமே ஃப்ரீசரிலிருந்து ஒரு டியூபை எடுத்துத் திறந்தார்.

"இது என்னாம்மா செவப்பா?"

"பொட்டு, மேடம்."

"ஆர்.என்.ஏ.வுக்கா?"

"அஞ்சு டியூபுக்கும் வச்சிருக்கேன், மேடம்."

"கிளவுஸ்?"

"கழட்டிட்டுதான் வச்சேன், மேடம்." (இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன்.)

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டியூபை மூடிவிட்டு, "சுண்டல் எதுவும் உள்ள போடலியே?" என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டில் சோற்றுத் தட்டின் முன் அழுதேன். அப்பா தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ப கை அவ்ளோ மோசமா பாப்பா?"

"எல்லார் கையும் அப்படித்தாம்பா."

அவருக்கு ஆறவில்லை. தன் சட்டம்தான் இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. மறுநாள் காலை சோப்பு போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டுத்தான் என் சாப்பாட்டு டப்பாவைத் தொட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நல்லவேளை, ஆர்.என்.ஏ. செய்ய மூலமான டி.என்.ஏ. பிழைத்திருந்தது. எங்கே பிசகும் என்று மூன்று மாதத்தில் கற்றிருந்ததால் இந்த முறை ஒரு வாரத்தில் முடிந்தது. தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஜெல்லில் அழகாக இரண்டு கோடு. எஸ்15 பெரிய மாமா மாதிரி கெத்தாக உட்கார்ந்திருந்தது.

தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டார்: "ஆர்.என்.ஏ. உடையலன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?"

"உடைஞ்சா எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும் சார்" என்று தீற்றல் படத்தைக் காட்டினேன். அருமையான ஒப்பீடு என்று பாராட்டினார். மேடத்துக்கு அடக்கமுடியாமல் இருமல் வந்தது.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம். நலங்கில் மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசக் கையை நீட்டினேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்தார்.

"மொதல்ல இத மாட்டு பாப்பா. மாப்ளயாவது உடையாம இருக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. கதை தெரியாத மாப்பிள்ளைக்குப் பெரிய மாமா அங்கேயே விளக்கமாகச் சொன்னார். அதனால்தான் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கக்கூட எங்கள் வீட்டு பைக்கைத் தொட அவர் என்னை இன்றுவரை விடுவதில்லை.