பதினேழாம் நம்பர் கல்

எனக்கு விழித்துக்கொண்டே தூங்கத் தெரியும். கண் திறந்திருக்கும், தலை ஆடும், 'ம்' கூடக் கொட்டுவேன். ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இதற்காக முட்டி போட்டிருக்கிறேன். மின்சார ரயிலில் திருநின்றவூரில் இறங்க வேண்டியவள், மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று யோசித்தபடி நின்றிருக்கிறேன். (ஒரு தடவை என்றால் பரவாயில்லை.)

இப்படிப்பட்ட என்னை நம்பி ஓர் அறக்கட்டளை வேலை கொடுத்தது. பட்டணத்தை ஒட்டியிருக்கும் விளைநிலமும் ஏரிக்கரையும் மனைகளாகவும் கம்பெனிகளாகவும் மாறிவிடாமல் காப்பதுதான் அதன் நோக்கம். நிலத்துக்காரர்களோடு ஒப்பந்தம் போடுவோம். குறிப்பிட்ட வருஷத்துக்கு இது வயலாகவே இருக்கும், விற்க மாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு வாய்க்கால் தூர்வாருவது, விதை கொடுப்பது, நெல்லை நேரடியாக வாங்க ஆள் பிடிப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பதவி, கள அலுவலர். வீட்டில் 'ஆபீஸ் வேலை' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். வரப்பில் நடக்கிற வேலை என்று தெரிந்தால், இதற்கா உன்னைப் படிக்க வைத்தோம் என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

என் இடம் புதுவாயலுக்கும் எளாவூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வயல்வெளி. ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் ஓயாத லாரிகள், நடுவில் ஓர் ஏரி, கொக்குகள், நெல். காலையில் பனி இறங்கியிருக்கும்போது லாரிச் சத்தம் கடல் சத்தம் மாதிரி கேட்கும். புகைபோக்கிகளின் தலை மட்டும் பனிக்கு மேலே மிதக்கும். வரப்பில் நின்று பார்க்க ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வெளியின் நட்டநடுவில் கன்னியம்மா அக்காவின் நிலம். ஏரித் தண்ணீர் அதைத் தாண்டித்தான் மற்றவர்களுக்குப் போக வேண்டும். அங்கே வீடு எழும்பிவிட்டால் வாய்க்கால் போச்சு. அதனால் சுற்றியிருந்த நான்கு பேரும், கன்னியம்மா கையெழுத்துப் போட்டால்தான் நாங்களும் போடுவோம் என்று நின்றார்கள். அக்காவோ ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"இரு பாப்பா, சொல்றேன். எங்க கொழுந்தன் தசரதன் தெனமும் வந்து குந்திக்கினு 'வித்துடுங்க அண்ணி, வித்துடுங்க அண்ணி'ன்றான். ஒரே பேஜாரா இருக்குது. என் வூட்டுக்காரு இருந்தா அவரு முடிவு பண்ணுவாரு. நான் ஒண்டிக்காரி இன்னா பண்ணுவேன்?"

கடைசியில் எங்கள் அறக்கட்டளைத் தலைவியே மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பேசுவதாக ஏற்பாடானது. கூடவே நன்கொடையாளர்கள் இரண்டு பேர். அன்றைக்கும் கையெழுத்து ஆகவில்லையென்றால் இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கலாம் என்று தலைவி சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. (விழித்துக்கொண்டு தூங்குவது மட்டும் மிச்சம்.)

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. வருகிறவர்கள் நடந்து பார்க்க வழியை அடையாளம் செய்து வைக்க வேண்டும். "சிம்பிளா இருக்கட்டும்மா" என்றார் தலைவி.

நான் கனவு காண ஆரம்பித்தேன். வரப்போரமாக வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் நின்று நான் ஒரு சின்னப் பேச்சு பேசுவேன். முதல் கல்லில் மதகு, ஐந்தாவது கல்லில் கொக்கு, பதினேழாவது கல்லில் அக்கா புதிதாக விட்டிருந்த நாற்றங்கால். அங்கே தலைவியின் கண் கலங்கும். கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். (கைக்குட்டை வந்தது. அது அவருடையது இல்லை.)

புதுவாயலில் ஒரு கடையில் போய்க் கல் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வழக்கமா போடற மாதிரி மஞ்சளும் வெள்ளையும் அடிச்சுடலாமா மேடம்?" என்றார்.

"அடிச்சுடுங்க."

"நம்பரு?"

"போட்டுடுங்க."

"கொடி?"

கொடியா! எனக்குத் தோன்றவே இல்லையே. "கலர் கலரா வேணும்" என்றேன்.

"வாசலுக்கு ஒரு பேனர் போட்டுக்கினா எடுப்பா இருக்கும் மேடம்." அதற்கும் தலையாட்டினேன். பேனரில் பச்சைப் புல்வெளி, சூரிய உதயம், அப்பா அம்மா இரண்டு குழந்தைகள் கைகோத்து ஓடுகிறார்கள். மேலே பெரிதாக 'நல்வரவு'. அறக்கட்டளையின் பெயர் கீழே ஓரத்தில், எறும்பு அளவுக்கு. அதைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன்.

எங்கள் மாவட்டத்தில் மஞ்சள் வெள்ளைக் கல்லும் நம்பரும் கொடியும் பேனரும் ஒரு வயலில் முளைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். திருநின்றவூரில் பிறந்து, அப்படிப்பட்ட மனைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

ஞாயிறு விடிவதற்குள் ஆளை வைத்துக் கல் நட்டு, கொடி கட்டி முடித்தாயிற்று. பனி மூடிக்கொண்டிருந்தது. கொடிகள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் ஆடின. அறுத்து முடித்த வயல்கள் வெளிறிக் கிடக்க, நடுவில் அந்த நாற்றங்கால் மட்டும் ஒரு பச்சைத் துண்டு. இந்த உலகத்தில் இதைவிட அழகான இடம் இருக்க முடியாது என்று நினைத்தபடி வரப்பில் உட்கார்ந்தேன். அப்புறம் வழக்கம்போல நான் அங்கே இல்லை.

திரும்பி வந்தபோது பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர், ஐந்து பேர், இருபது பேர். கையில் தண்ணீர் பாட்டில். சத்தமில்லாமல் கல் கல்லாகப் போய்க் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண்மணி ஒன்பதாம் நம்பர் கல்லின் மேல் கைக்குட்டையை விரித்தார். பக்கத்துக் கல்லில் ஒருவர் துண்டு போட்டார். அப்புறம் எல்லாருக்கும் அவசரம் பிடித்துவிட்டது. மின்சார ரயிலில் ஜன்னல் சீட்டுக்குப் போடுவதுபோலக் கைக்குட்டை, தொப்பி, தினசரி, ஒரு குழந்தையின் ஸ்வெட்டர் என்று கல்லுக்குக் கல் விழுந்தது. நன்றாகத்தான் இருக்கிறது கனவு என்று நான் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். மனை காட்ட வேனில் ஆட்களை இலவசமாகக் கூட்டிப் போகும் தரகர் ஒருவர் அந்த வழியாகத் தன்னுடைய மனைக்குப் போய்க்கொண்டிருந்தார். கொடியைப் பார்த்ததும் வேனில் இருந்தவர்கள், இங்கேதான் முதலில் நிறுத்த வேண்டும் என்று கத்தி இறங்கிவிட்டார்கள். பின்னால் வந்த இன்னொரு வேனும் நின்றுவிட்டது.

"இது பதினேழு. கிழக்குப் பார்த்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருஷமாகத் தெரியும். பனிக்குள்ளிருந்து மஃப்ளர் கட்டிக்கொண்டு என் அப்பா வந்தார்.

அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாஷ்டா, மதியச் சாப்பாடு, மோர், ஏசி வேன் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் கோயில் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்குகிற உத்தேசம் அவருக்கு ஒருநாளும் கிடையாது. வெறும் தரையில் நின்று வீடு கட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். என் வியாதி எங்கிருந்து வந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

என்னைப் பார்த்தார். என் தொப்பி, கையில் மைக், கழுத்தில் அடையாள அட்டை. அவர் முகம் மலர்ந்தது.

"கண்ணு! நீ பிளாட்டு விக்கிற கம்பெனியிலயா வேலை செய்றே? அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "என் பொண்ணுதாங்க இங்க மேனேஜரு! எதுன்னாலும் நம்மகிட்ட கேளுங்க, கொறைச்சு முடிச்சுக்கலாம்!"

கூட்டம் என்னைச் சூழ்ந்தது. சரியாக அப்போது தலைவியின் கார் பேனருக்குக் கீழே வந்து நின்றது. இறங்கிய தலைவி, ஓடுகிற அந்தக் குடும்பத்தை அண்ணாந்து பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவங்கல்லாம் யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். மைக் கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

எதிர்த் திசையிலிருந்து கன்னியம்மா அக்காவும் தசரதனும், அவர்கள் பின்னால் பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள். தசரதனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணி கூட்டத்த! நம்ம நெலத்துக்கு இன்னா கிராக்கி! பேசாம வித்துடலாம் அண்ணி!"

அக்கா கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்கோ, வேலை போனால் போகட்டும், இந்த ஏரியும் வாய்க்காலும் நாலு பேரின் வயலும் என் கலர் கொடியால் போகப்போகிறதே என்று அழுகை வந்துவிட்டது. கனவு காண்பதை இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று ஊரிலுள்ள சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அப்பாவோ பதினேழாம் கல்லில் தன் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையைப் போட்டுவிட்டு, காலால் அளந்துகொண்டிருந்தார். "இது ஹாலு. இது கிச்சன். இப்படி வந்தா... பாத்ரூமு." கடைசி எட்டு நாற்றங்காலுக்குள் போய் நின்றது.

"யோவ்! இன்னாய்யா பண்றே?" அக்காவின் குரலில் கொக்குகள் எழும்பின.

"பாத்ரூம் எங்க வரும்னு பாத்துக்கினு இருக்கேம்மா."

"அது மொளச்சி பத்து நாளுதான் ஆவுது! பச்சப் புள்ள மாதிரி பாத்துக்கினு கீறேன், அதும் மேல உனுக்குப் பாத்ரூமா? இஸ்து வுட்டேன்னா!"

அப்பா பதறிப் பின்வாங்கியதில் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மிதிபட்ட நாற்றைப் பார்த்தார். "ஐயோ, தெரியாம மெரிச்சிட்டேன்" என்று சொல்லி, ஒவ்வொன்றாக விரலால் நிமிர்த்த ஆரம்பித்தார். அவர் நிமிர்த்துவார், அது சாயும். திரும்பவும் நிமிர்த்துவார். அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கன்னியம்மா அக்கா முதலில் முறைத்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தே விட்டார். சிரிப்பு அடங்கியதும் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். "தசரதா, இத்தினி நாளு விக்கிறதுன்னா இன்னான்னு எனுக்குத் தெரியல. இப்ப கண்ணால பாத்துட்டேன். என் நாத்து மேல எவனும் பாத்ரூம் கட்ட வேணாம்." பிறகு தலைவியிடம், "எங்கம்மா கையெய்த்துப் போடணும்? இப்பவே குடுங்க" என்றார்.

பத்திரம் வைக்க இடமில்லை. பதினேழாம் கல்லில் அப்பாவின் கைக்குட்டை விரிந்திருந்தது. அதன் மேல் வைத்துத்தான் அக்கா கையெழுத்துப் போட்டார். மற்ற நான்கு பேரும் அங்கேயே வரிசையில் நின்று போட்டார்கள். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை யாரும் கேட்கவில்லை. தலைவி போகும்போது, "நல்ல வேலைம்மா. இனிமே கொடி மட்டும் வேண்டாம்" என்றார்.

அப்பா சேற்றோடு வர, வேன்காரர் ஏற்ற மறுத்துவிட்டார். இலவசச் சாப்பாடும் போயிற்று. அக்கா வீட்டில்தான் இருவரும் சாப்பிட்டோம்.

இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். மற்ற கற்களைப் பிடுங்கியாயிற்று. பதினேழை மட்டும் அக்கா எடுக்க விடவில்லை. ஒவ்வோர் அறுவடைக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வரும், 'பதினேழாம் நம்பர் வூட்டுக்காரருக்கு' என்று சொல்லி.

அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, எங்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வயலுக்குப் போனால் சரியாகப் பத்து மணிக்கு அவர் போன் வந்துவிடும். அம்மா பின்னாலிருந்து தலையிலடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும்.

"ஹால்ல இன்னா கண்ணு?"

"கதிர் வந்துடுச்சுப்பா."

"கிச்சன்ல?"

"அங்கயும்தான்."

"பாத்ரூம்ல?"

"கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குதுப்பா."

சொந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் தேங்கினால் ரகளை பண்ணுகிற மனுஷன் அவர். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து நிம்மதியாக ஒரு பெருமூச்சு வரும்.

"நிக்கட்டும், நிக்கட்டும்."