மேல் பாதையில் வந்த மாத்தயா

கேள்வி கேட்கிற வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. பள்ளிக்கூடம் போகாததால் அது ஆறவேயில்லை. (பேத்திதான் இதை எழுதுகிறாள். நான் சொல்லாததைச் சேர்த்தால் சோறு கிடையாது.)

என் மருமகள் சாந்தி, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலை பெக்டரியின் சர்வரை வீட்டிலிருந்தே லெப்டொப்பில் பார்த்துக்கொள்கிறாள். மடுவக் கொட்டகைகளில் நிறுக்கிற தேயிலைக் கொழுந்தின் எடையெல்லாம் அதற்குத்தான் வரும். ஒருநாள் அதற்குக் காவல் போடுவதாகச் சொன்னாள். யாரிடமிருந்து என்று கேட்டேன்.

செய்தியெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருமாம். திருட்டுப் பொட்டலமும் கலந்து வருமாம். அதனால் சட்டங்கள்: அடுத்தவர் பொட்டலத்தை வாங்கிக் கைமாற்றக் கூடாது. பாதை மாறிவிட்டது என்று தெரியாதவன் சொன்னால் நம்பக் கூடாது. பதில் போகிற வழியாக வராத பொட்டலத்தைப் பொய் முகவரி என்று வாசலிலேயே தள்ளிவிட வேண்டும்.

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் பஸ் கொண்டக்டர் கொடுத்த ஊரார் பார்சலையெல்லாம் லயத்து வீடு வீடாகச் சுமந்த முட்டாள் நான்தானே.

காவல் போட்டு மூன்றாம் நாளாகியும் எடை எதுவும் சர்வருக்கு வந்து சேரவில்லை. விசாரிக்கப் பெக்டரியின் பெரிய மாத்தயா, அதாவது பெரிய துரை, வருகிறார், அன்றைக்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும் என்று சாந்தி அழுதாள். அவர் கீழ் ரோட்டில் ஜீப்பில் வருவார், வந்தால் உட்காரவையுங்கள் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மேலே தேயிலை மலையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். முழங்கால்வரை சேறு, காலில் இரண்டு அட்டை. கீழ் ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம், யாரோ இந்த வழியைக் காட்டினாராம். ஒரே ஆள், இரண்டு சட்டத்தில் மாட்டிக்கொண்டார். ரோட்டு வழியாகவே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பாவம், மழையில் கொழுந்து மடுவத்துக்குப் போய் ஒதுங்கினார்.

"மாமி, யாராச்சும் வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தாரு. ஆனா மேல் பாதைல வந்தாரு. போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா இல்லையேன்னு தள்ளிட்டேன்."

முகம் துடைத்த துண்டோடு சாந்தி லெப்டொப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம சர்வருக்கு ரெண்டு லைன் மாமி. எடை ஒரு லைன்ல வருது, பதில் மத்த லைன்ல போகுது. நல்ல பொட்டலத்தை நானும்தான் தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்."

லெப்டொப்புக்கு ஓடி அந்த ஒரு சட்டத்தை மட்டும் தளர்த்தினாள். எடை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதற்குப் பிறகுதான் குடையோடு மடுவத்துக்கு ஓடினாள். (மாத்தயா இன்னும் கொஞ்சம் நனைந்தார்.)

வேலை தப்பியது. மற்றச் சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. மாத்தயா மட்டும் இப்போது வருவதென்றால் பலாங்கொடையிலேயே ஜீப்பை நிறுத்திச் சாந்திக்குப் போன் எடுப்பார்.

"உங்க மாமிகிட்ட கேளுங்க, இன்னைக்கு எந்தப் பாதைல வர்றது?"