விலை ஏறும்வரை கிடந்த பைன் மரங்கள்

குற்றச்சாட்டு: கடந்த மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி காலையில், வெட்டிக் கிளை கழித்துச் சாலையோரம் அடுக்கப்பட்டிருந்த பைன் மரங்களை ஏற்ற வந்த லாரியை, ‘இன்னும் கொஞ்சம் ஏறட்டும்’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வெறுமனே திருப்பி அனுப்பியது, பின்னர் அதனால் விளைந்த கேட்டை வெட்டியவர் தலையில் கட்டியது.

குற்றம் சாட்டப்படுபவர் தனி மனிதர் அல்லர்; ஓர் இனம். ‘ஏறட்டும்’ இனம். வாசகரே, இவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். விற்கப் போனால் விலை ஏறட்டும் என்பார். வாங்கப் போனால் இறங்கட்டும் என்பார். சந்தையில் மலிவு வரட்டும் என்று பொழுது சாயும்வரை சுற்றிவிட்டு, வாடி வதங்கிய கீரைக்கட்டோடு வீடு திரும்பி, “பாதி விலை!” என்று வெற்றி முழக்கம் செய்பவர் இவரே. அந்தக் கீரையைத் தின்றவர்களை யாராவது விசாரித்ததுண்டா?

இங்கே நாம் எடுத்துக்கொண்டவர், வீட்டுக்குப் பின்புறச் சரிவில் ஒரு பைன் தோப்புக்குச் சொந்தக்காரர். மரங்களை வெட்டியவர் அவருடைய மனைவியின் தம்பி. சொந்தமாக ஓர் இயந்திர வாள், துணைக்கு ஒரு கூட்டாளி. மைத்துனரின் தொழில் அவ்வளவுதான். இந்த மரம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் எதிர்ச்சரிவை வெட்டும் வேலையும் அவருக்கே என்று, லாரியை அனுப்பிய மரவாடியின் (மரக்கிடங்கின்) முதலாளி வாக்களித்திருந்தார். ஆகவே காலி லாரி திரும்பிப் போனதும் மைத்துனர் நேரே அக்கா வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், இது தேக்கு இல்ல, பைன். வெயில் ஆரம்பிச்சாச்சு. தோலோட கிடந்தா பூஞ்சை பிடிச்சு உள்ள நீலம் பாஞ்சிடும்.”

“மாப்ளே, உனக்கு வெட்டத் தெரியும், எனக்கு விக்கத் தெரியும். தங்கத்தப் பூட்டி வச்சுக் கெட்டவன் உண்டா?”

“தங்கத்த வண்டு திங்காது மச்சான்.”

மச்சான் அசையாததைக் கண்டு மைத்துனர் இதையும் கேட்டுப் பார்த்தார்: “சரி, தோலையாவது உரிச்சிடறேன்.”

“உரிக்காத! தோலோட இருந்தாத்தான் மரம் தடிமனாத் தெரியும்.”

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “பெயிண்ட் விலை இறங்கட்டும்னு இந்தச் சுவர எத்தன வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? இவர்ட்டப் போய்ப் பேசறியே, உனக்கு வேற வேலை இல்ல?”

அன்றுமுதல் நம்மவர் காலையில் தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, ஒரு மரவாடிக்குத் தொலைபேசியில் விலை கேட்டு, அடுத்த மரவாடியிடம் அதைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லி, மூன்றாமவரிடம் தமக்கு விற்கும் உத்தேசமே இல்லை என்று அலட்சியமாகக் கொட்டாவி விட்டு, இடையிடையே சாலையோர அடுக்கைப் பிள்ளைபெற்றவளைப் போலப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டார். விலை ஏறினால், “சொன்னேன்ல?” இறங்கினால், “இறங்கினாத்தானே மாப்ளே ஏற முடியும்!” மைத்துனரோ வெட்டிய கிளைகளை மரங்களின்மேல் பரப்பி, ஈரம் காயாமல் இருக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விழலுக்கு இறைத்த நீர் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைப்பது அரிது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விலை ஏறியது. மெய்யாகவே ஏறியது! நம்மவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து மரவாடி முதலாளியை வரவழைத்தார். முதலாளி ஒரு மரத்தின் தோலை உளியால் நெம்பினார். பொடி உதிர்ந்தது. இரண்டு வண்டுகள் நிதானமாக வெளியே வந்தன. உள்ளே, மைக்கூடு கவிழ்ந்த மேசைபோல நீலம்.

“பலகைக்கு ஆகாதுங்க. பெட்டி அடிக்கத்தான் ஆகும். ஏறின விலை நல்ல மரத்துக்கு.”

இந்த இனத்துக்கு வியர்ப்பதே இல்லை. கை உடனே மைத்துனரை நோக்கி நீண்டது.

“எல்லாம் வெட்டின கோளாறு! பதம் பாக்காம சாச்சுட்டான்.”

“மச்சான், நான் வெட்டினப்ப உரிச்ச தேங்காயாட்டம் வெள்ளையா இருந்துச்சு. நீங்களே தடவிப் பாத்தீங்களே!”

முதலாளி உளியைத் துடைத்தார். “யாரு தப்போ, அது உங்க குடும்ப விஷயம். எனக்கு மரம் நேரத்துக்கு வரணும். எதிர்ச்சரிவுக்கு வேற ஆள் பேசியாச்சு தம்பி.” மைத்துனர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, வாளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“போனாப் போகட்டும், பெட்டி மரமாவாவது ஏத்திக்கறேன்,” என்று முதலாளி சொல்லி வாய் மூடுவதற்குள் நம்மவர் கையை உயர்த்தித் தடுத்தார். “இப்ப வேணாங்க. பெட்டி மரத்துக்கும் விலை ஏறும்.”

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாக. ஆனால் நல்ல நாளுக்கென்று பீரோவில் மடித்து வைத்த சட்டையின் பொத்தான் இப்போது உங்கள் வயிற்றைத் தாண்டி எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

ஆகவே கோரப்படுவது யாதெனில்: காத்திருந்தவர் கெடுத்ததற்கு வெட்டியவர் எவ்வகையில் பொறுப்பாவார் என்பதற்கு இவ்வினத்தார் அனைவரும், தம்மை இவ்வினத்தில் சேராதவராக எண்ணிக்கொண்டிருப்போர் உட்பட, எழுத்துமூலம் பதில் தரவேண்டும். ‘பார்க்கலாம்’ என்பது பதிலாக ஏற்கப்படமாட்டாது.