பத்துக்கு நாலு

ஆங்கில இலக்கணம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஆங்கிலேயர்கள் அல்லர். ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர். ஆங்கிலேயர்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. இவருக்கும் இருந்தன. இவர் அவற்றைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யாராவது 'டிஸ்கஸ் அபௌட்' என்றால் அவருக்கு இடது கண் துடிக்கும். 'ரிவர்ட் பேக்' என்று மின்னஞ்சல் வந்தால் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தேடுவார். விடுப்பு விண்ணப்பங்களைக்கூடச் சிவப்பு மையில் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார்.

"சார், லீவு உண்டா இல்லையா?" என்று தட்டச்சர் ஒருமுறை கேட்டார்.

"'சஃபரிங் வித் ஃபீவர்'னு எழுதியிருக்கீங்க. 'ஃப்ரம்' போடணும். திருத்திக் கொண்டாங்க."

"காய்ச்சல் போன வாரமே போயிடுச்சு சார்."

"பாத்தீங்களா, தப்பைக் கண்டு அதுவே ஓடிப்போச்சு."

இந்த மகத்தான தொண்டு வீட்டிலும் தொடர்ந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலம் மட்டுமே 'செல்லுபடியாகும்' என்று உத்தரவு. பழகினால்தானே வரும்?

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் எழுதினாள்: 'அப்பா, ஐ ஆம் ஹேவிங் ஆபரேஷன் ஆன் மண்டே. ஐ ஆம் வெரி மச் ஃபியரிங். ப்ளீஸ் யூ கம்.'

மேலாளருக்குக் கண் துடித்தது. எதைத் தொட்டாலும் ஓட்டை. பணத்தைக் கொட்டிப் படிக்கவைத்த பெண் இப்படியா எழுதுவாள் என்று நொந்துபோனார். ஆனாலும் கடமை என்று வந்துவிட்டால் பெற்ற மகளாவது, மற்றவளாவது. 'ஆபரேஷனுக்கு முன்னால் "அன்" எங்கே? "ஃபியரிங்" என்று யாரும் சொல்வதில்லை. பத்துக்கு நாலு' என்று கறாராகப் பதில் அனுப்பிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பையில் துணிமணிகளை அடுக்கினாள்.

"நீங்க வரலையா?"

"எங்க?"

"பொண்ணுகிட்டதான்."

"ஆபீஸ்ல 'பிழை ஒழிப்பு வாரம்' நடக்குது. நான் இல்லாம எப்படி? நீ போய்ப் பாத்துட்டு வா."

மனைவி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மாபெரும் ஆய்வுக் கூட்டம். பிழைகள் கணிசமாகக் குறைந்துவிட்டதாக மேலாளர் அறிவித்தார். பாதிப் பேர் எழுதுவதையே நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாது. தேநீர் இடைவேளையில் கணக்காளர் அம்மா பக்கத்தில் வந்தார்.

"சார், பொண்ணு எப்படி இருக்கா? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு உங்க வீட்டு அக்கா போன்ல சொன்னாங்க."

"எந்த ஆபரேஷன்?"

"உங்க பொண்ணுக்குத்தான் சார், திங்கட்கிழமை!" என்றார் கணக்காளர் அம்மா. மேலாளர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். மகளை அழைத்தார்.

"ஏம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனேப்பா. நீங்க மார்க் கூடப் போட்டீங்களே."

அவர் குழுவைத் திறந்து தேடினார். திருத்துவதற்காக ஒருமுறை பார்த்த வரிகளை இப்போதுதான் படித்தார். 'ப்ளீஸ் யூ கம்.' இந்தத் தடவை கண் துடிக்கவில்லை, கலங்கியது.

"நான் இப்பவே கிளம்பி வர்றேன்மா."

"வேண்டாம்ப்பா. அம்மா கூட இருக்காங்க. நீங்க உங்க பிழை ஒழிப்பைப் பாருங்க."

ஆக, அவருடைய தொண்டு முழு வெற்றி பெற்றுவிட்டது. அந்த வீட்டில் ஆங்கிலப் பிழை என்பதே இன்று அறவே கிடையாது. தினமும் காலையில் எழுந்ததும் மேலாளர் குழுவைத் திறந்து பார்க்கிறார். மகளிடமிருந்து ஒரு பிழைகூட வருவதில்லை.