மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே உலக உருண்டை

ஒரு காட்டில் இரண்டு அரசுப் பள்ளிகள் இருந்தன. சிங்கம் வரும், கர்ஜிக்கும், யாரையாவது அடிக்கும் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்கவும். இந்தக் கதையில் சிங்கராஜாவுக்குக் கையெழுத்துப் போடும் வேலை மட்டும்தான். அதையும் பெரும்பாலும் மந்திரி நரிதான் கையைப் பிடித்துப் போட வைக்கும்.

இரண்டு பள்ளிகளையும் ராஜா ஒரே நாளில், ஒரே ஆணையில் திறந்து வைத்தார். ஒரே பாடப்புத்தகம், ஒரே சீருடை. பாம்பு வீட்டுப் பிள்ளைகள் கண் வைக்காத நாட்களில் ஒரே சத்துணவு முட்டை. ஒரு பள்ளி மேட்டில், ராஜாவின் குகை அரண்மனைக்குப் போகும் வழியில் இருந்தது. இன்னொன்று பள்ளத்தில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நரி மேடைக்கு மேடை சொல்லும்.

மேட்டுப் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், ஓட்டுக் கூரை, குழாய்த் தண்ணீர், மின்மினிப் பூச்சிகளை வைத்து ஓட்டும் ஒரு ஸ்மார்ட் போர்டு. பள்ளத்துப் பள்ளியில் ஒரு புங்க மரம், பாதிக் கூரை, ஒரு கழுதை. அந்தக் கழுதை நான்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் நான். ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர் நான். மணி திருட்டுப் போய்விட்டதால் மணியும் நான். ஒரு முறை கத்தினால் பிரேயர், இரண்டு முறை கத்தினால் சாப்பாடு. பிள்ளைகளைத் திட்டும்போது மட்டும் மற்ற வாத்தியார்களுக்கு உள்ள வசதி எனக்குக் கிடையாது. 'கழுதை, உட்காரு' என்று சொன்னால் நான்தான் உட்கார வேண்டும்.

காகிதத்தில் எங்கள் பள்ளிக்கு இன்னும் நான்கு ஆசிரியர்கள் உண்டு. அணில் டீச்சருக்குச் சதுப்புக் காற்று ஒத்துக்கொள்ளாது. கரடி வாத்தியாருக்கு முழங்கால் வலி, ஆகவே தினமும் மேடு ஏறி இறங்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓணான் வாத்தியார் நரியின் மனைவிக்குத் தூரத்து உறவு. நாலாவது ஆசிரியர் யாரென்று எனக்கே தெரியாது. நால்வரும் மாற்றுப்பணியில் மேட்டில் இருக்கிறார்கள். நானும் வருஷம் தவறாமல் மேட்டுக்கு மாற்றல் கேட்டுக் கவுன்சிலிங்குக்குப் போவேன். என் முறை வரும்போது காலியாக இருக்கும் ஒரே இடம், நான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடமாகவே இருக்கும்.

என் மகன் எங்கே படிக்கிறான் என்று கேட்பீர்கள். மேட்டுப் பள்ளியில்தான். பள்ளத்துப் பள்ளியின் தரம் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே பாடம் நடத்துவது யார் என்றும் தெரியும். தெரிந்தே பெற்ற பிள்ளையை அங்கே சேர்க்க எனக்கென்ன பைத்தியமா?

எங்கள் பள்ளியில் இன்னொரு விசேஷம் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். வகுத்தல் மட்டும் பள்ளத்தில் ஒருவருக்கும் வராது. வருஷாவருஷம் நான் வகுத்தலுக்கு வரும் வாரம்தான் மழை தொடங்கும். பாதிக் கூரையின் கீழ் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. தண்ணீர் வடிந்து திறக்கும்போது தேர்வு வந்திருக்கும். அரண்மனை வேலைக்கான தேர்விலோ முக்கால்வாசி வகுத்தல் கணக்குதான் கேட்பார்கள்.

அதனால் அரண்மனையில் காவலாளி முதல் கணக்கப்பிள்ளை வரை எல்லோரும் மேட்டுப் பிள்ளைகள். ஒருநாள் சபையில் ஆந்தை இதைக் கேட்டுத் தொலைத்தது. "ஒரே புத்தகம், ஒரே சீருடை. அப்புறம் ஏன் ராஜா பள்ளத்துலேர்ந்து ஒருத்தர்கூட வரல?"

சபை கொதித்தது. பள்ளத்துப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சேற்றில்தான் நாட்டம் என்றது புலி. "பெற்றோருக்கு ஆர்வம் இல்லை, பெற்றோருக்கு ஆர்வம் இல்லை" என்றது கிளி. அதற்கு வேறு வாக்கியம் தெரியாது. ஆசிரியர் தரப்பில் நான் எழுந்து கிளியின் கருத்தை வழிமொழிந்தேன். கடைசியில், ஏற்றத்தாழ்வின் மூல காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொக்கு ஐயா தலைமையில் ஒரு கமிட்டி போடப்பட்டது. அசையாமல் ஒற்றைக் காலில் நின்று யோசிப்பார் என்பதால் அவர்மேல் எல்லோருக்கும் மரியாதை. சுற்றறிக்கை வந்தது. எந்தப் பள்ளியில் குறை இருக்கிறதோ அந்தப் பள்ளிக்கு மழைக்கு முன்பே கூரையும் ஆசிரியர்களும் வரும்.

சேதி கேட்ட அன்றே கீரியக்கா பள்ளிக்கு வந்தாள். அவள் மகள் செவ்வந்தி என்னிடம் ஐந்தாம் வகுப்பு. சதுப்பில் கழுத்தளவு தண்ணீர் நின்றாலும் மகளைத் தலைமேல் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவள். பெற்றோருக்கு ஆர்வம் இல்லை என்று சபையில் நான் சொன்னது அவள் காதுக்குப் போயிருக்காது என்று நம்பினேன்.

"சார், இந்த ஒரு வாட்டி ஜோடிச்சுக் காட்டாதீங்க. ஒழுகறத ஒழுகற மாதிரியே காட்டிடுங்க" என்றாள். "அடுத்த வருசம் இவ பரீட்சை எழுதணும். வகுத்தல் வரலேன்னா இவளும் என்னாட்டம் எலி புடிக்கத்தான் போகணும்."

"கண்டிப்பா கீரியக்கா. உள்ளத உள்ளபடி காட்டிடறேன்" என்றேன். நான் அவ்வளவு நல்லவன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கீரியக்கா ஜோடனை என்று சொன்னதை விளக்கிவிட வேண்டும். எங்கள் காட்டில் அதிகாரி வந்தால் காலையில் மேட்டைப் பார்ப்பார். அங்கேயே மதியச் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். அவர் தூங்கும் நேரத்தில் மேட்டுப் பள்ளியின் பெஞ்சுகள், ஸ்மார்ட் போர்டு, உலக உருண்டை, மாற்றுப்பணி ஆசிரியர்கள் என்று சகலமும் குறுக்குப் பாதையில் பள்ளத்துக்கு இறங்கும். சாயங்காலம் திரும்ப ஏறும். ஆசிரியர்கள் நடந்து வருவார்கள், மற்றதெல்லாம் என் முதுகில். பல தடவை கீழே விழுந்ததில் உலக உருண்டை ஒரு பக்கம் நசுங்கி, கடல் இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. பள்ளியின் மானத்தைக் காப்பாற்றத்தான் இத்தனையும். யாரும் யாரையும் ஏமாற்ற நினைத்ததில்லை.

கொக்கு ஐயா பள்ளிகளைப் பார்வையிட வருவதற்கு முதல் நாள் மேட்டுத் தலைமையாசிரியை மயில் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு வழக்கம்போல சாமான் எடுத்துக்கங்க சார்."

"இந்த வாட்டி வேண்டாம் டீச்சர். உள்ளதக் காட்டலாம்னு..."

"தாராளமா காட்டுங்க." மயில் தோகையை நிதானமாக ஒதுக்கிவிட்டுக் கொண்டார். "அதிகாரி மேல பாப்பார். ஓட்டையப் பாப்பார். அப்புறம் கீழ உங்களப் பாத்து, இத்தனை வருஷம் ஹெட்மாஸ்டர் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பார். அதுக்கு ஒரு பதில் மட்டும் யோசிச்சு வெச்சுக்கங்க."

நான் அதுவரை அந்தக் கோணத்தில் ஓட்டையைப் பார்த்ததே இல்லை.

"உங்க பையன் ரொம்ப நல்லாப் படிக்கிறான் சார்" என்றார் மயில், பேச்சை மாற்றுவதுபோல. "பள்ளத்து விலாசத்த வெச்சுக்கிட்டு மேட்டுல எப்படிச் சேந்தான்னு நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தெறக்கல."

மறுநாள் கொக்கு ஐயா மேட்டில் தூங்கப் போனதும் என் முதுகில் பெஞ்சுகளை ஏற்றினார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதுகில் பாரம் ஏறிவிட்டால் கால் தானாக நடக்கும், மூளை அதன் பின்னால் மெல்ல வரும். மூளை வந்து சேர்வதற்குள் நான் பெஞ்சுகளை இறக்கி, ஸ்மார்ட் போர்டை மாட்டி, கூரை ஓட்டையை மறைத்து 'வருக வருக' துணியைக் கட்டி முடித்திருந்தேன்.

பள்ளி வாசலில் கீரியக்கா நின்றிருந்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். மகளின் தலையைத் தடவி உள்ளே அனுப்பினாள்.

கொக்கு ஐயா வந்தார். ஒற்றைக் காலில் நின்று உலக உருண்டையை வெகுநேரம் பார்த்தார்.

"மேட்டுப் பள்ளியில உலகம் எந்த இடத்துல நசுங்கியிருந்துச்சோ, இங்கயும் அதே இடத்துல நசுங்கியிருக்கு" என்றார்.

முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

"அடடா, என்ன ஒரு சமத்துவம்!" என்று கண் கலங்கினார். அணில் டீச்சரைப் பார்த்து, "உங்கள மாதிரியே ஒருத்தர் அங்கயும் இருக்காங்களே" என்றார். எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்றேன். அதையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அப்போது செவ்வந்தி எழுந்து நின்றாள். அவளை யாரும் எழச் சொல்லவில்லை.

"ஐயா, இது எங்க உருண்டை இல்ல. பெஞ்சும் எங்களுது இல்ல. இன்னிக்கு மத்தியானந்தான் சார் தூக்கிட்டு வந்தாரு. நாங்க தரையிலதான் உக்காருவோம். எங்களுக்கு வகுத்தல் தெரியாது."

என் காது இரண்டும் தொங்கிவிட்டன. ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் சொல்ல வேண்டியதை யாரோ சொல்லிவிட்டார்கள், என் வேலையும் போகவில்லை. இதைவிட ஒரு கழுதைக்கு என்ன வேண்டும்?

அந்த நேரம் பார்த்து வானமும் இடித்தது. அந்த வருஷம் மழை சற்று முந்திக்கொண்டது. 'வருக வருக' துணி தண்ணீர் கோத்து, வயிறு உப்பி, கிழிந்து, நேராகக் கொக்கு ஐயாவின் தலையில் கொட்டியது. வகுப்பறை முழங்காலளவு குளமானது. பெஞ்சுகள் மிதந்தன. நான் மறைத்ததை மழை காட்டிக்கொடுத்துவிட்டது. சாதாரணக் கதையாக இருந்தால் இங்கே உண்மை வென்றிருக்கும், நானும் தலைகுனிந்து திருந்தியிருப்பேன்.

ஆனால் கொக்கு ஐயா ஒரு நீர்ப்பறவை. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

அவர் இறகை உதறிக்கொண்டு சிரித்தார். சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு வரிசைக்கும் நான்காம் வகுப்பு வரிசைக்கும் நடுவில் ஒரு தவளைக் குஞ்சைக் கொத்தி விழுங்கினார். நல்லவேளை, அது எங்கள் பள்ளியில் சேர்ந்த பிள்ளை இல்லை.

"மேட்டுல பாவம், குழாயத் திருகினாத்தான் தண்ணி" என்றார். "இங்க பாருங்க, வகுப்புக்குள்ளயே வருது. இந்தப் பொண்ணு எவ்வளவு தைரியமாப் பேசுது! மேட்டுப் பிள்ளைங்க நான் வந்ததும் கும்பிட்டுட்டு உக்காந்துட்டாங்க. ஒருத்தருகூட வாயத் தெறக்கல."

"ஐயா, எங்களுக்கு வகுத்தல்..." என்று செவ்வந்தி மறுபடி தொடங்கினாள்.

"பாத்தீங்களா! தனக்கு எது தெரியாதுன்னுகூட இந்தப் பொண்ணுக்குத் தெரியுது. மேட்டுல யாருக்கு அது தெரியும்?"

கமிட்டியின் முடிவு சீக்கிரமே வந்தது. காட்டில் கல்வி ஏற்றத்தாழ்வு இருப்பது உண்மைதான். மூல காரணம், எல்லா வசதியும் பள்ளத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பது. ஆகவே புதுக்கூரை மேட்டுப் பள்ளிக்கு. மாற்றுப்பணி ஆசிரியர்கள் இனி நிரந்தரமாக மேட்டுக்கு. தானே கேட்டுத் தானே கற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு தடைக்கல் என்பதால், பள்ளத்துத் தலைமையாசிரியரும் மேட்டுக்கு. பதிலாகப் பள்ளத்துப் பள்ளிக்கு 'ஆசிரியர் இல்லாமல் இயங்கும் மாதிரிப் பள்ளி' என்று ஒரு போர்டு. சிங்கராஜா கையெழுத்துப் போட்டார்.

இத்தனை வருஷம் கேட்டுக் கிடைக்காத மாற்றல். சந்தோஷத்தில் இரண்டு முறை கத்திவிட்டேன். பிள்ளைகள் சாப்பாடு என்று நினைத்துத் தட்டோடு வந்துவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று, மழையால் திரும்ப மேடு ஏறாமல் ஊறிப்போன பெஞ்சுகளையும் உருண்டையையும் என் முதுகில் ஏற்றினார்கள். செவ்வந்தி சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கீரியக்கா.

"உருண்டை அவங்களுது, போகுது. பெஞ்சு அவங்களுது, போகுது" என்றாள் செவ்வந்தி. "சார், நீங்களும் அவங்களுதா?"

நான் நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் பாரம் ஏறியாகிவிட்டது, கால் நடக்கத் தொடங்கிவிட்டது. மூளை இன்னும் வந்து சேரவில்லை.

மேட்டில் எனக்கு நல்ல மரியாதை. மணியாகக் கத்த வேண்டியதில்லை. முழுக் கூரைமேல் மழை விழும் சத்தத்தை முதன்முறையாகக் கேட்டேன். அந்த வாரம்தான் வகுத்தல் தொடங்கினேன். என் மகன் முன் பெஞ்சில் இருந்தான்.

"பத்து வாத்தியார், ரெண்டு பள்ளிக்கூடம்" என்றேன். "சமமாப் பிரிச்சா எப்படி வரும்?"

என் மகன்தான் முதலில் கை தூக்கினான். "நமக்குப் பத்து, அவங்களுக்கு ஒரு போர்டு சார்."

வகுப்பு முழுவதும் கை தட்டியது. எங்களுக்குத் தெரிந்த வகுத்தல் அதுதான் என்பதால் நானும் 'சரி' போட்டேன்.

நீதி: பள்ளத்தில் பிறந்த பிள்ளைகள் அடுத்த பிறவியிலாவது கவனமாக மேட்டில் பிறக்கவும். அதுவும் முடியாதவர்கள், எப்படியாவது படித்து வாத்தியாராகி, மேட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளவும்.