ஏழாவது சாமான்

மகளுடைய போட்டிச் சாமான்களை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று மார்ச் மாதம் வீட்டில் அறிவித்தேன். எதையுமே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் என் திட்டம்.

நேராக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கு என் மனைவி ராதாமணியைத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தோசைக்கு. போட்டுவிட்டாள். தின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்களுக்கு ஊர் இடைசெவல். ஐப்பசியில் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் மகள் தீபலட்சுமி, தூத்துக்குடியில் கல்லூரிக்குப் போய், என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, இப்போது கடலில் ஒரு பலகைமேல் நிற்கிறாள். பலகையில் ஒரு பாய்மரம். அதைக் கையால் பிடித்துக்கொண்டு காற்று தள்ளத் தள்ளப் பறக்கிறாள். அதில் பந்தயம் வேறு உண்டாம். ஆடி மாதம் தேசியப் போட்டி.

சாமான்களை அவள் பயிற்சி எடுக்கும் கிளப்பே கொடுத்துவிடும். ஆனால் எந்த அளவுப் பலகை, எந்த அளவுப் பாய், புதிதா பழையதா என்று ஒரு படிவத்தில் எழுதி, தகப்பனார் கையெழுத்தோடு ஜூன் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது.

அந்தத் தேதி தாண்டட்டும் என்று காத்திருந்தேன்.

நான் கொடுமைக்காரத் தகப்பன் இல்லை. ஜனவரியில் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ராதாமணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எத்தன மாசமாம்?" என்றாள்.

"சத்துக் குறைவுன்னாரு. பேரீச்சம்பழம் சாப்பிடணுமாம்."

"ஆறா, எட்டா?"

"ஆறு" என்றேன். அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆறு மாதம் எண்ணினால் ஆடி வருகிறது. இவளும் போய், மகளும் கடலே கதியென்று போய்விட்டால், அந்த இரண்டு அறை வீட்டில் நானும் மிக்ஸியும்தான். படிப்பு முடிந்ததும் தீபா ஊருக்கு வந்துவிடட்டும், கோவில்பட்டியில் ஏதாவது வேலை பார்க்கட்டும், சாயங்காலம் வீட்டில் ஒரு விளக்கு எரியட்டும். இவ்வளவுதான் என் ஆசை. இதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் திட்டம் போட்டேன்.

என் அறிவிப்பை யாரும் சந்தேகப்படவில்லை. நான் கயத்தாற்றில் காற்றாலை ஆபரேட்டர். பதினெட்டு வருஷமாக மணிக்கொரு தடவை காற்றின் வேகத்தைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவன். காற்றைப் பற்றி இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்காமல் யாரும் பேசக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம்தான் என்னைக் கவிழ்த்தது.

ராதாமணி கட்டிலில் படுத்தபடி தொடங்குவாள். தலைமாட்டில் மாத்திரை நேரம் எழுதிவைக்க ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும்.

"ஏங்க, பலகை என்ன அளவு?"

"அவசரப்படாத. நெறைய இருக்கு. பாத்துத்தான் சொல்லணும்."

"தீபா நூறு லிட்டருங்கா. பலகைய லிட்டர்லயா அளக்காவ? பாலா அது?"

"எவ்வளவு எடைய மிதக்க வைக்கும்னு கணக்கு."

"அப்ப எரநூறு லிட்டர் வாங்கிருவோம். நல்லா மிதக்கட்டும்."

"மிதந்தாப் போதுமா? பந்தயம்னா ஓட வேண்டாமா? எரநூறு லிட்டர்னா தண்ணிமேல கட்டில் போட்ட மாதிரி இருக்கும். அம்பத்தோரு கிலோப் பிள்ளைக்கு நூறு லிட்டரே தாராளம்."

"ம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மறுநாள் பாய். அதற்குள் ஊருக்குள் செய்தி பரவி, பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள், "பாய் எடுக்கப் போறீங்களாமே அண்ணாச்சி, எனக்கும் ரெண்டு பேர் படுக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏங்க, பத்து மீட்டர்ப் பாய் போட்டுருவமா?"

நான் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"பாய் எம்புட்டுப் பெரிசோ அம்புட்டு வேகம்னு சங்கரம்மா சொல்லுதா."

"சங்கரம்மாளா? காத்தப் பத்தியா?" எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "பத்து மீட்டரப் பிடிச்சா, பாயி பிள்ளையத் தூக்கிட்டு இலங்கைக்குப் போயிரும்!"

"அப்ப மூணு மீட்டர்."

"அது கைக்குட்டை."

"ஏழு?"

"லேசான காத்துக்கு ஏழு சரி."

"பலத்த காத்துக்கு?"

"அஞ்சரை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் நோட்டை எடுத்து ஏதோ கிறுக்கினாள். மாத்திரை நேரம் என்று நினைத்தேன்.

இப்படியே பாய்மரம், பலகைக்கு அடியில் மாட்டும் மீன் துடுப்பு மாதிரியான ஃபின், கைப்பிடி, இடுப்புப் பட்டை எல்லாம் வந்து போயின. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் சொன்ன தப்பைத் திருத்தினேன். அவ்வளவுதான். பெரிய பாய்க்குப் போய் யாராவது சின்ன ஃபின் மாட்டுவார்களா? கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

சித்திரையில் மேற்குக் காற்று பிடித்தது. நான் வேலை முடிந்து வந்ததும், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல், ராதாமணி முதலில் இதைத்தான் கேட்பாள்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"காலைல எட்டு மணிக்கு வினாடிக்குப் பதினோரு மீட்டர்."

"தீபா அங்கன அந்தக் காத்து ஒன்பதரை மணிக்குத்தான் அடிச்சதுங்கா."

"பின்னே? மேக்க இருந்து வார காத்து கயத்தாத்தத் தாண்டித்தான தூத்துக்குடி போகணும். ஒண்ணரை மணி நேரம் ஆகும்லா."

"அப்ப உங்களத் தொட்டுட்டுத்தான் அவகிட்டப் போகுது."

"என்னத் தொட்டு என்ன ஆகப்போகுது? காத்தாடியத் தொட்டாக் கரண்டாவது வரும்."

அவள் சிரிக்கவில்லை. நோட்டை இழுத்து ஒரு வரி எழுதினாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபா கிளப்பின் பழைய பாய் ஒன்றைச் சுருட்டி, அதன் பாய்மரத்தோடு கொண்டுவந்தாள். ஏழு மீட்டர். அம்மா நேரில் பார்க்க வேண்டும் என்றாளாம். வீட்டுக்குப் பின்னால், பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, பிடுங்கிக் குவித்திருந்த வெறும் கரிசல் காடு. ராதாமணியைத் தூக்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். நெல் மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு அவள் கனக்கவேயில்லை. அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று, கனக்கிற மாதிரி இரண்டு தடவை முனகினேன்.

"நடிக்காதீங்க" என்றாள்.

தீபா பாய்மரத்தில் பாயை மாட்டி நிறுத்தினாள். "நைனா, கை வைக்காதீங்க. இழுக்கும்" என்றாள்.

"யார்கிட்டட்டி சொல்லுத? காத்தோட குடும்பம் நடத்துதவன் நான்."

"எங்க, பிடிச்சுக் காட்டுங்க, பாப்போம்" என்றாள் ராதாமணி.

பிடித்தேன். அடுத்த கணம் நான் ஓடிக்கொண்டிருந்தேன். கால்கள் தரையில் படவில்லை. வேட்டி முதலிலேயே கழன்று கோவில்பட்டித் திசையில் போய்விட்டது. பக்கத்துப் புஞ்சையில் மேய்ந்த ஆடுகள் சிதறின. பருத்திமார்க் குவியல் வந்து என் மார்பில் மோதியது. மோதியதற்கு இன்றைக்கும் அந்தக் குவியலுக்கு நன்றி சொல்கிறேன். இல்லையென்றால் பசுவந்தனையில்தான் இறங்கியிருப்பேன்.

"பெரிசுட்டி! இந்தக் காத்துக்கு இது பெரிசு! அஞ்சரைதாம்ட்டி போடணும்!" என்று குவியலுக்குள் இருந்து கத்தினேன். அந்த நிலையிலும் திருத்தினேன்.

ராதாமணி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தீபா ஓடிப்போய் அவள் முதுகைத் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பதற்கு அவளுக்கு மூச்சு போதவில்லை.

அந்த வாரக் கடைசியில் ராதாமணி ஒரு கட்டுப் பேப்பரை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிப் பேப்பர். கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு இம்புட்டு?"

"ஸ்கேனுக்கு, ரத்தத்துக்கு, இன்னும் எதெதுக்கோ. வாசிச்சா அழுவீங்க. வாசிக்காமப் போடுங்க."

வாசிக்காமலே அழுதுகொண்டு போட்டேன். ஏழெட்டு இடத்தில்.

மறுநாள் தீபாவின் பயிற்சியாளர் வனிதா உடம்பு விசாரிக்க வந்தாள். ராதாமணி என்னைக் கடைக்கு அனுப்பினாள். சோடா வாங்கி வந்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் இரண்டாம் தேதி விடியற்காலையில் ராதாமணி போய்விட்டாள். டாக்டர் சொன்ன கணக்குக்கு ஒரு மாதம் முன்னதாகவே. எதிலும் என்னைவிட ஒரு அடி முந்தித்தான் இருப்பாள்.

ஜூன் பத்தாம் தேதி வந்தது. வீடு நிறைய ஆள். எனக்கு மட்டும் தேதி ஞாபகம் இருந்தது. தீபாவுக்கும் இருந்திருக்கிறது. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"இன்னைக்குத்தான் கடைசித் தேதி நைனா. படிவம் அம்மாகிட்டத்தான் இருந்துச்சு. ஏதோ யோசனையில மறந்திருப்பா. விடுங்க. நான் இனிமே இங்கனயே இருக்கேன்."

என் திட்டம் பலித்துவிட்டது. "சரிம்மா" என்றேன். ஜெயித்தால் இப்படித்தான் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்குப் பழக்கம் இல்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, தீபா எனக்குத் தோசை சுட்டாள். இரண்டு தின்றேன்.

"இன்னொண்ணு போடட்டா நைனா?"

"வேண்டாம்."

"சரி" என்று அடுப்பை அணைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் என் வேண்டாம் பலித்தது அதுதான் முதல் தடவை. கை கழுவப் போகிறவன் மாதிரி வெளியே போய், வெகுநேரம் கை கழுவினேன். திரும்பி வந்தபோது தீபா பாயும் பலகையுமாக ஓடும் ஏதோ வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள். தாய்க்கு இருந்த சாமர்த்தியத்தில் பாதிகூட இல்லை அவளுக்கு. என்னைப் போலத்தான் இருக்கிறாள்.

மறுநாள் காலையில் வனிதா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, தீபா சாமான் எல்லாம் கிளப்புக்கு வந்துட்டு. அவள எப்ப அனுப்பி வைக்கீங்க?"

"என்ன சாமான்? நாங்க எழுதிக் குடுக்கவே இல்லையே."

"மே மாசமே குடுத்துட்டீங்களே, கையெழுத்துப் போட்டு. அன்னைக்கு நீங்க எனக்குச் சோடா வாங்கப் போனப்ப அக்கா தந்தாங்க. பதினாறு முடியட்டும், அதுவரைக்கும் அப்பனுக்கும் மகளுக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஆறு சாமான் வந்துட்டு அண்ணாச்சி. ஏழாவது மட்டும் இன்னும் வேலைக்கு வரல. நாளையில இருந்து பயிற்சி. தினம் காலைல எட்டு மணிக்கு அது வேலை செஞ்சாத்தான் எந்தப் பாய மாட்டணும்னு எங்களுக்குத் தெரியும். படிவத்தப் போட்டோ எடுத்து அனுப்புதேன், பாருங்க."

அனுப்பினாள். தீபா என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். பென்சிலால் எழுதி, அதன்மேல் பேனாவால் எழுதிய ராதாமணியின் எழுத்து. கடைசி வரிகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தன.

ஒன்று, பலகை, நூறு லிட்டர், புதிது. இரண்டு, பாய், ஏழும் ஐந்தரையும், புதிது. மூன்று, பாய்மரம். நான்கு, கைப்பிடி. ஐந்து, ஃபின். ஆறு, இடுப்புப் பட்டை. எல்லாம் நான் சொன்ன அளவு. எதிலும் தப்பு இல்லை.

ஏழு: கயத்தாற்றில் நின்று காற்றைப் பார்த்துப் போனில் சொல்ல, தீபாவின் நைனா. பழையது. உடைசல் இல்லை.

தீபா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. பிறகு எழுந்துபோய் அவளுடைய பையை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

நான் போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைசல் இல்லை என்பதற்கு நேர் கீழே, அழுது அழுது கோணலாய்ப் போட்ட என் கையெழுத்து. இனி மாற்ற முடியாதாம்.