பாப்பாவின் சர்க்கரைத் தண்ணீர்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மைத்துனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுகம், உங்கள் அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. காரணம் கீழே.

நான் முதலில் பார்த்தது உங்கள் பாப்பாவின் கால்விரல்களை. நர்ஸம்மா குதிகாலை ஈரப் பஞ்சால் துடைத்ததும் ஐந்தும் விசிறி மாதிரி விரிந்தன. பஞ்சுக்கே இப்படியென்றால் ஊசிக்கு என்ன ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அக்காவோ பக்கத்துக் கட்டில் குழந்தை காலையில் ஊசிக்கு வீரிட்டதைக் கேட்டதிலிருந்து "என் புள்ளைய யாரும் குத்த வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று பாப்பாவை இறுக்கிக்கொண்டிருந்தாள், நர்ஸம்மா "ரெண்டு சொட்டு ரத்தம்தாம்மா. உள்ளுக்குள்ள ஏதாச்சும் குறை இருந்தா இதுலதான் தெரியும், இப்பவே மருந்து குடுத்துடலாம்" என்று பொறுமையாகச் சொல்லி, வலியைக் குறைக்க வழி இருக்கிறதென்று ஒரு குட்டிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து, "கொஞ்சம் பிடிங்க" என்று உங்கள் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தால் கிண்ணம் காலி.

"எங்க சார் அது?"

"குடிச்சிட்டேன். எனக்கு மயக்கமா வந்துச்சு, அதப் பார்த்துட்டுதான் குடுத்தீங்கன்னு நெனச்சேன்."

"ஐயோ, அது பாப்பா நாக்குல விடறதுக்கு!"

அவ்வளவு பெரிய லாரியை ஓட்டுகிற மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். நர்ஸம்மா, "பரவாயில்ல, அம்மாகிட்டயே நல்ல மருந்து இருக்கு. உடம்போட அணைச்சுப் பால் குடுங்க, நல்லா சப்ப ஆரம்பிச்சதும் குத்தறேன்" என்றார். அப்படியே செய்தார்கள். ஊசி பட்டதும் பாப்பா புருவத்தைச் சுருக்கியது, ஒரு முனகல், மறுபடி பால்.

"முடிஞ்சுதா? எனக்கே வலி தெரியலம்மா!" என்றார் உங்கள் அண்ணன், சுவரிடம்.

"எப்படித் தெரியும் சார்? மருந்தக் குடிச்சது நீங்கதானே!"

ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் லீவு கேட்டு மேலதிகாரியிடம் திட்டு வாங்க வேண்டாம். அக்கா தன் அன்பையும் பாப்பா ஒரு கொட்டாவியையும் அனுப்பச் சொன்னார்கள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லேப்பிலிருந்து ஒருவர் வந்து, எடுத்த ரத்தம் போதவில்லை, மறுபடி குத்த வேண்டும் என்றார். அக்காவும் பாப்பாவும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். "தூங்கறப்பவே குத்திட்டா ஒண்ணும் தெரியாது" என்று அவர் பாப்பாவின் காலைத் தேடினார். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வாய் திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுந்து போய் அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று, "அண்ணா, கொஞ்சம் இருங்க. அக்கா எழுந்து பால் குடுக்கட்டும்" என்றேன்.